பத்தே ஆண்டில் பழசான வீடு: காங்கேயம் பக்கத்து நிகழ்வு ஆய்வு

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, கிளுவை வேலி போட்ட ஒரு தோட்டத்தில் இருக்கிறது அந்த வீடு. 2014 தை மாதம் பால் காய்ச்சினார்கள். கீழும் மேலுமாக 2,800 சதுர அடி. மேற்குப் பார்த்த தலைவாசல், நேர் எதிரே ரோடு. 2024-ல் இளைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "வீடு பழசாத் தெரியுதுங் தம்பி. முகப்ப மட்டும் இந்தக் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுங்" என்றார். வீடு கட்டித் தருவதும் பழைய வீடுகளைத் திருத்துவதும் என் தொழில். ஊரும் பேரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கட்டடத்தின் உடம்பைப் பார்த்தோம். தூண், பீம், ரூஃப் கான்கிரீட் எல்லாம் திடமாக இருந்தன. எங்கும் கம்பி தெரியவில்லை, வெடிப்பு இல்லை. தலைவாசல் நிலையும் கதவும் தேக்கு, அப்படியே இருந்தன. இன்னும் ஐம்பது வருடம் நிற்கக்கூடிய வீடு பத்து வருடத்தில் கிழடு தட்டித் தெரிவது ஏன்? அதே தோட்டத்தில், நூறடி தள்ளி, பெரியவரின் அய்யன் கட்டிய ஓட்டுச் சாளை நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, கல்தூண், முன்னால் திண்ணை. அதைப் பார்த்து யாரும் "பழைய மாடல்" என்று சொல்வதில்லை. எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. முகப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால் 2034-ல் இதே பேச்சு மறுபடி வரும்.

சாளையை நான் போற்றிப் பாட வரவில்லை. உள்ளே வெளிச்சம் கிடையாது, அடுப்படிச் சுவரெல்லாம் புகைக் கரி, ராத்திரியில் கக்கூசுக்குப் பொடக்காளியை (வீட்டின் பின்பக்க வெளியை)த் தாண்டிப் போக வேண்டும். வீட்டு அம்மாவுக்குப் புது வீட்டில் ரொம்பப் பிடித்தது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பாத்ரூம்தான். அவர் அதைச் சொன்னபோது எந்தத் தயக்கமும் இல்லை.

முகப்பு

2014 வாக்கில் ஈரோடு, திருப்பூர், கோவை எங்கே பார்த்தாலும் ஏ.சி.பி. (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட் முகப்புதான். கடைகளிலும் ஷோரூம்களிலும் வந்தது, அடுத்து வீடுகளுக்கும் ஏறியது. இந்த வீட்டில் வெள்ளிக் கலரும் மெரூனும் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தார்கள். மெரூன் வெளுத்து ரோஸ் ஆகியிருந்தது. ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் அடைத்த சிலிகான் தூசியைப் பிடித்துக் கறுத்துப்போய், கோடு கோடாகக் கீழே வழிந்திருந்தது. ரோட்டில் போகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது அந்தக் கறுப்பு வழிசல்தான்.

ஏ.சி.பி. என்பது இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். மொத்தக் கனம் 3 அல்லது 4 மி.மீ. தான். சுவரில் இரும்பு அல்லது அலுமினிய ஃபிரேம் அடித்து, அதன்மேல் ஒட்டுவார்கள். இடையில் நாலு விரற்கடை சந்து இருக்கும். இந்த வீட்டில் ஒரு ஷீட்டைக் கழற்றியதும் உள்ளே குளவிக் கூடு, பல்லி முட்டை, தறிக்கூடத்திலிருந்து பறந்து வந்த பஞ்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று: எப்படியும் மூடத்தானே போகிறோம் என்று அந்தச் சுவரைப் பூசாமலே விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் சந்தில் இறங்கி, வெறும் செங்கலில் ஊறி, ஹாலுக்குள் பெயிண்ட் உப்பி உரிந்ததற்கு அதுதான் காரணம். நாலு வருடமாக உள்பக்கம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நோய் வெளிப்பக்கம் இருந்திருக்கிறது.

அந்தச் சந்துக்குள்ளேயே சீரியல் லைட்டுக்கான ஒயரும் ஓடியது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் போர்த்தியிருந்த பாலிஎத்திலீன் நடுவைக் கொண்ட இந்த வகை ஷீட் வழியாகத்தான் தீ மேலே மேலே ஏறியது. கீழும் மேலுமான ஒரு தோட்டத்து வீட்டை 24 மாடிக் கட்டடத்தோடு ஒப்பிட முடியாது, இறங்கி ஓடிவிடலாம். ஆனாலும் எரியக்கூடிய ஒரு பொருளுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், வெயில் சூட்டில் காய்ந்த ஒயர் இருப்பதை நான் விட்டுவைக்க மாட்டேன்.

முகப்புக்காக வந்த இரண்டாவது கோளாறு சன்ஷேடு இல்லாதது. டப்பா மாதிரி சப்பட்டையாக எலிவேஷன் வர வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடையே எடுத்துவிடுகிற பழக்கம் அந்த ஆண்டுகளில் பரவியது, இன்னும் போகவில்லை. இந்தப் பக்கத்தில் மழை குறைவுதான். கேரளத்தில் வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. பெய்கிறது என்றால் கோயமுத்தூர்ச் சமவெளியில் அதில் கால் பங்கு அளவுதான். ஆனால் அதில் பெரும் பகுதி ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து, சாய்ந்து அடிக்கும் மழை. கிழக்குச் சுவரில் ஒவ்வொரு ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் மீசை மாதிரி பாசிக் கறை இறங்கியிருந்தது. இரண்டடிச் சன்ஷேடும், அதன் அடிப்பக்கம் தண்ணீர் உள்ளே ஓடிவராமல் கொத்தனார் இழுக்கிற விரல் அகலப் பள்ளமும் இருந்திருந்தால் அந்தக் கறை வந்திருக்காது. எவ்வளவு நல்ல பெயிண்டும் சன்ஷேடு செய்கிற வேலையைச் செய்யாது.

இரட்டை உயர ஹாலும் மேற்குக் கண்ணாடியும்

வீட்டின் பெருமை என்று கட்டியபோது சொல்லப்பட்டது இதுதான். ஹாலுக்கு மேல் தளம் போடாமல் இருபதடி உயரத்துக்கு விட்டு, மேற்குச் சுவரில் கீழிருந்து மேல் வரை திறக்க முடியாத டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி. நடுவில் சர விளக்கு.

மேற்கு என்பதை இந்தப் பக்கத்தில் இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். மாசியிலிருந்து வைகாசி வரை சாயங்கால வெயில். நாலு மணி வெயில் தாழ்வாக, நேர்க்கோட்டில் வரும். அதற்குச் சன்ஷேடுகூடப் பெரிய உதவி செய்யாது. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து தரையையும் சுவரையும் சுட வைக்கிறது. அந்தச் சூடு திரும்பிப் போகக் கண்ணாடி விடுவதில்லை. மேலே போன சூட்டுக்கு வழி இல்லாததால் மாடிப் படுக்கையறைகளுக்குள் புகுந்துகொள்கிறது. ஆனி ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற காற்று அது. வீட்டைக் குளிர வைக்க இயற்கை கொடுத்தது. அதை மூடிய கண்ணாடியால் தடுத்துவிட்டு உள்ளே ஏ.சி. போட்டிருந்தார்கள். இருபதடி உயரத்தில் குளிர்ந்த காற்று எங்கே நிற்கும் என்று பார்த்துக் கரண்ட் பில் கட்டி, கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள்.

விளைவு, ஹாலில் யாரும் உட்காருவதில்லை. கண்ணாடிக்குக் கனத்த திரை போட்டுப் பகலிலேயே லைட் எரிந்தது. உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் திரையை விலக்குவார்கள். குடும்பம் உட்காருவது பின்பக்கத் தகரச் சாய்ப்பில். பெரியவரோ இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்துக்குச் சாளைத் திண்ணைக்குப் போய்விடுகிறார்.

"ஏனுங், அந்த ஒசரத்துல இருக்கற கண்ணாடிய ஆரு தொடைக்கறது? கல்யாணங்காச்சின்னா சாரங்கட்டித்தான் தொடைக்கோணும்" என்றார் வீட்டு அம்மா. பத்து வருடத்தில் மேல் பாதிக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். செம்மண் தூசி படிந்த கண்ணாடி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கைவிடப்பட்ட கட்டடத்தின் தோற்றத்தைக் கொடுத்துவிடும்.

சீலிங்

பத்தடி உயரத்தில் இருந்த மற்ற அறைகளில் ஒரு அடி இறக்கி ஜிப்சம் சீலிங் போட்டு, ஓரத்தில் மறைவாக நீல எல்.இ.டி. பட்டை ஓட்டியிருந்தார்கள். பட்டை பாதியில் எரிந்தது, பாதியில் எரியவில்லை; மாற்றிய இடத்தில் நீலம் வேறு நீலமாக இருந்தது. விளக்கை மறைக்கிற அந்த விளிம்பு முழுக்கத் தறிப் பஞ்சும் செத்த பூச்சியும். ஜிப்சம் கால்சியம் சல்பேட் வகை. தண்ணீர் பட்டால் இளகும். மாடி பாத்ரூமுக்குக் கீழே இருந்த அறையில் அது தொங்கிப் போய்ப் பழுப்பு வளையம் விழுந்திருந்தது. மற்ற இரண்டு அறைகளிலும் மொத்தமாகப் பிரித்தோம். பாத்ரூம் பைப் போகிற அந்த ஒரு அறையில் மட்டும், கழற்றிப் பார்க்கிற மாதிரி கதவு வைத்து, மறுபடி போட்டோம். அங்கே சீலிங்குக்கு ஒரு வேலை இருக்கிறது.

அடுப்படி

கட்டியபோது அடுப்படிக்குச் சுவர் வைக்கவில்லை. ஹாலோடு சேர்ந்த ஓப்பன் கிச்சன், பளபளக்கிற ஒயின் சிவப்பு கதவுகள். ஓப்பன் கிச்சன் தப்பான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் காப்பி போட்டுக் குடிக்கிற ஃபிளாட்டில் அது நன்றாகவே இருக்கும். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன். காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டதும் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் இருமுவார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு இருபதடி உயரத்துச் சர விளக்கு வரை போய்ப் படிந்திருந்தது. குடியேறிய ஒரு வருடத்துக்குள் பின்பக்கச் சாய்ப்பில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார்கள். சிவப்பு அடுப்படி டீ போடுவதற்கும் விருந்தாளிக்குக் காட்டுவதற்குமாக மிஞ்சியது.

சிவப்புக் கதவுகளுக்கு உள்ளே இருந்தது மரத்தூள் அட்டை. தொட்டிக்குக் கீழே தண்ணீர் பட்டு ஊதி, கீல் திருகு பிடிக்காமல் கதவுகள் தொங்கின. பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் பார்க்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்கிறேன். ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 710 என்று இருந்தால் தண்ணீர் தாங்குகிற மெரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கானது, அதிலும் எம்.ஆர். (காற்றின் ஈரத்தை மட்டும் தாங்குகிற) வகை தண்ணீர் படுகிற இடத்துக்கு ஆகாது. கதவின் வெளி நிறத்துக்கு ஒரு நாள் முழுக்க யோசிக்கிறவர்கள் பெட்டியின் உள் பலகைக்கு அரை நிமிஷம்கூடத் தருவதில்லை.

மேடைக் கல்லுக்கு மருமகள் வெள்ளை குவார்ட்ஸ் கேட்டார். அரைத்த கல்லோடு பிசின் சேர்த்துச் செய்கிற இந்தக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். அதை அறுக்கிற தொழிலாளிகளுக்கு நுரையீரல் கெட்டுப்போவதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் இதைவிடக் குறைவு. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசியும் அடங்கும். அவரிடம் இதைச் சொன்னேன். பழைய கறுப்பு கிரானைட்டையே பாலிஷ் போட்டு வைத்துக்கொண்டார். மஞ்சளுக்கும் புளிக்கும் அது பயப்படாது.

பாத்ரூம்களில் டால்பினும் அருவியும் அச்சடித்த டைல்ஸ். 2010-களில் டைல்ஸில் கம்ப்யூட்டர் அச்சு வந்து, குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக இறங்கிய காலத்து வாங்கல். அந்த ஒரு சுவரை மட்டும் உடைத்தோம். ஹால் தரையின் வெள்ளை வெட்ரிஃபைடு டைல்ஸை உடைக்கவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒரு கல்லும் பெயரவில்லை. மோசமில்லாத ஒன்றை மாடல் போச்சு என்பதற்காக உடைத்து லோடு லோடாக ஓடையோரம் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பவானி ஜமக்காளம் இரண்டு விரித்தால் அந்தத் தரை வேறு தரை.

இளைய மகனின் பட்டியல்

கல்யாண மாப்பிள்ளை போனில் படங்கள் சேர்த்து வைத்திருந்தார். "ஏனுங்ண்ணா, இப்ப எல்லாருமே இதத்தான வெக்கறாங்க?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட உரையாடல் அதுதான். பத்து வருடத்துக்கு முன் அவர் அண்ணன் இதே மாதிரி ஏ.சி.பி. படங்களைக் காட்டியிருப்பார்.

கறுப்பும் சாம்பலுமான முகப்பு முதல் படம். நிறங்களை வகைப்படுத்துகிற பேன்டோன் நிறுவனம் 2021-ல் ஆண்டின் நிறமாகச் சாம்பலையும் மஞ்சளையும் அறிவித்தது. 2025-க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பைச் சொன்னது. நாலு வருடத்தில் உலகச் சந்தை சாம்பலிலிருந்து பழுப்புக்குப் போய்விட்டது. வீட்டுக் கடனோ இருபது வருடம். அதைவிட எனக்குப் பெரிய காரணம், மேற்குச் சுவரில் கறுப்பு அடித்தால் சூட்டை இழுத்து ராத்திரி முழுக்க உள்ளே விடும். செம்மண் தூசி வேறு கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது டி.வி. சுவருக்கு வரி வரியான ஃப்ளூட்டட் பேனலும் யு.வி. மார்பிள் ஷீட்டும். இன்றைக்குத் திருப்பூரில் புது வீட்டுக்குப் போனால் பத்துக்கு எட்டில் இது இருக்கும் போலத் தோன்றுகிறது. பேனல் பி.வி.சி. அல்லது பாலிஸ்டைரீன், ஷீட் என்பது கல்பொடி கலந்த பிளாஸ்டிக் மேல் மார்பிள் படம். விசைத்தறி ஓடுகிற ஊரில் அந்த வரிகளுக்குள் பஞ்சு அடையும். ஏ.சி.பி. வெளியே செய்ததை இது உள்ளே செய்யும் என்று நினைக்கிறேன். 2014-ன் வீட்டை ஏ.சி.பி.யை வைத்து அடையாளம் சொல்வதுபோல, 2024-ன் வீட்டை இந்த வரிகளை வைத்துச் சொல்வார்கள்.

மேட் கறுப்புக் குழாய்கள். தோட்டத்து போர் தண்ணீர் உப்பு. குழாயில் நின்ற துளி காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். குரோமில் அது அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் மறுநாளே தெரியும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் கறுப்பே போய்விடும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயமுத்தூர் வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளட்டும், இங்கே வேண்டாம் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்.

ஊஞ்சல் போடும் மூலையில் ஆத்தங்குடி கல்லும் கடைசல் தூண்களும். இதில் எனக்கு இரண்டு மனது. ஆத்தங்குடி கல் கண்ணாடிப் பலகைமேல் சிமென்டையும் நிறத்தையும் ஊற்றி, சூளை வைக்காமல், தண்ணீரில் ஊற வைத்துக் கையால் செய்வது. கால் பட்டுத் துடைக்கத் துடைக்க மெருகேறும். பொருளில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கண்ணாடிச் சுவருக்கும் வெள்ளை டைல்ஸுக்கும் நடுவே எட்டுக்கு எட்டு அடி மட்டும் பதித்தால் அது ஒரு போட்டோ மூலையாக நின்றுவிடும். போடுவதென்றால் தாழ்வாரம் முழுக்கப் போடலாம், தினமும் புழங்குகிற இடமாக இருக்கட்டும் என்று சொன்னேன். 1980-களில் நம் பக்கத்து மாடி வீடுகளில் போட்ட மோசைக் தரை, பிறகு கேவலமாகப் பார்க்கப்பட்டு உடைக்கப்பட்டு, இப்போது டெராசோ என்று திரும்பி வந்திருக்கிறது. உடைக்காமல் விட்டவர்கள் வீட்டில் அது இன்றைக்கும் குளுகுளுவென்று இருக்கிறது.

செய்தவை

முகப்பிலிருந்து ஏ.சி.பி. முழுவதையும் இறக்கி, செங்கலைக் காயவிட்டு, சிமென்ட் பூச்சு பூசி, வெளிர் சந்தன நிறம் அடித்தோம். மேற்கே வீட்டின் முழு அகலத்துக்கும் எட்டடித் தாழ்வாரம் இறக்கினோம். இரும்புச் சட்டத்தின்மேல் மங்களூர் ஓடு, ஆத்தங்குடித் தரை, ஊஞ்சலும் அங்கேயே. ஓடுகளில் பெரும்பகுதி இடித்த ஒரு பழைய மில் குடோனிலிருந்து வாங்கியது. சாயங்கால வெயில் இப்போது தாழ்வாரத்தோடு நின்றுவிடுகிறது. கண்ணாடிச் சுவரின் கீழ்ப்பாதியைத் திறக்கிற ஜன்னல்களாக மாற்றினோம். மேல்பகுதிக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் கட்டி, உச்சியில் சூடு வெளியேற வலை அடித்த திறப்புகள் விட்டோம். தாழ்வாரத்துக்கு வெளியே இரண்டு புங்கன் கன்றுகள். கிழக்கு ஜன்னல்களுக்குக் கான்கிரீட் சன்ஷேடு பிறகு வைப்பது கஷ்டம் என்பதால் இரும்புத் தாங்கியில் கற்பலகை வைத்தோம்.

அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் எழும்பியது. பின்பக்கச் சாய்ப்பைத் தகரம் எடுத்து முறையான அடுப்படியாகக் கட்டினோம். உண்மையில் சமைக்கிற இடம் அதுதானே. டி.வி. சுவரில் பேனல் எதுவும் இல்லை. தேக்குப் பலகை ஒன்று, நாலு திருகில் நிற்கிறது. மாப்பிள்ளைக்குப் பிடித்த ப்ரொஃபைல் லைட்டை (நீளப் பட்டை விளக்கை) அவர் அறையில் மட்டும், சீலிங்கைக் குடையாமல் மேலே ஒட்டிக் கொடுத்தோம். வேண்டாமென்றால் ஒரு மத்தியானத்தில் கழற்றிவிடலாம்.

செலவுக் கணக்கைப் பெரியவரே எடுத்துக்கொண்டு வந்தார். 2014-ல் ஏ.சி.பி., கண்ணாடி, சீலிங், சர விளக்கு நாலுக்கும் சேர்த்து ஆன பணத்தில் அன்றைக்கு இன்னொரு படுக்கையறை கட்டியிருக்கலாம். நோட்டுப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்டது, தாழ்வாரத்தில் படுக்க ஒரு கயிற்றுக் கட்டில் போடலாமா என்றுதான்.

ஒன்று தீரவில்லை. படிக்கட்டின் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியும் நீலக் கண்ணாடியும் அப்படியே இருக்கின்றன. மூத்த மகன் அதை விரும்பிப் போட்டவர், எடுக்கச் சம்மதிக்கவில்லை. மருமகளுக்கோ சின்னப் பிள்ளைகள் சாய்கிற கண்ணாடி என்ற பயம். கைப்பிடி ஆடவில்லை, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறது, கண்ணாடி டஃபன்டு என்று சோதித்துச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பி மட்டும் வைப்பதற்கு ஒரு வரைபடமும் கொடுத்திருக்கிறேன். தைக்குப் பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.